காதில் ஊற்றிய ஈயமும் பூட்டிய ஆய்வகமும்

திருப்பருத்திக்குன்றம் போனவர்கள் சங்கீத மண்டபத்தின் விதானத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது அந்தச் சமணக் கோயில். ஊருக்கு ஜினகாஞ்சி என்று இன்னொரு பெயரும் உண்டு. மண்டபத்தை 1387-இல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். விதானத்து ஓவியங்கள் பிற்காலத்தவை. தீர்த்தங்கரர்களின் கதைகளை வரிசை வரிசையாகத் தீட்டி, படங்களுக்குக் கீழே விளக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனோம். அவர்களில் இரண்டு பேர் காது கேளாதவர்கள். கோயிலில் ஒரு பெரியவர் அரைமணி நேரம் கதை சொன்னார். காது கேட்கும் நாங்கள் எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு பேர் மட்டும் கழுத்தை நிமிர்த்தி, ஒரு மூலையில் தொடங்கி அடுத்த மூலைவரை நடந்து, எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் என்று தாங்களே கோத்துக்கொண்டார்கள். மண்டபத்தின் பெயரை எழுதிக் காட்டியபோது இருவரும் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, செல்போனில் எழுதிக் காட்டிப் பேசினோம். இருவரும் பிளஸ் டூ வணிகவியல் பிரிவு. விரும்பி எடுத்ததா என்று கேட்டோம். அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். அவளுக்கு பி.பார்ம். படிக்க ஆசை. அவள் படித்த சிறப்புப் பள்ளியில் அறிவியல் பிரிவே கிடையாது. பொதுப்பள்ளி ஒன்றில் போய்க் கேட்டபோது, "லேப்ல ஆசிட் இருக்கும்மா, பின்னாடியிருந்து கூப்பிட்டா பொண்ணுக்குக் காது கேக்காது, ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. இதே பதிலைச் சொல்லும் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

பார்த்தால் அக்கறை போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பாதி நம்முடைய வரலாறு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அறிவு காது வழியாகத்தான் உள்ளே வரும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. புலன்களில் அறிவுக்கு அதிகம் உதவுவது செவியே என்று அரிஸ்டாட்டில் எழுதினார். நம் தமிழிலும் படிப்பாளியைக் கல்வி கேள்விகளில் சிறந்தவர் என்றுதான் புகழ்கிறோம். குறளில் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தொல்காப்பிய மரபியலும் சமணரும் உயிர்களைப் புலன்களால் எண்ணுகிறபோது கண்ணை நான்காவதாகவும் செவியை ஐந்தாவதாகவும் வைக்கிறார்கள். இவர்கள் யாரும் காது கேளாதவரை வெளியே தள்ளச் சொல்லவில்லை. வகைப்படுத்தியதோடு சரி.

தள்ளச் சொன்னது வேறு நூல். மனுதர்மத்தின் 9-ஆம் அத்தியாயம், 201-ஆம் சுலோகம் யார் யாருக்குச் சொத்தில் பங்கு இல்லை என்று பட்டியல் போடுகிறது. சாதியிலிருந்து விலக்கப்பட்டவர், பிறவிக் குருடர், பிறவிச் செவிடர், பேச்சில்லாதவர் என்று அந்தப் பட்டியல் போகிறது. 7-ஆம் அத்தியாயத்தில் இன்னொரு பட்டியல். அரசன் ஆலோசனை நடத்தும்போது சபையிலிருந்து அகற்ற வேண்டியவர்களில் காது கேளாதவர் இருக்கிறார், பெண்கள் இருக்கிறார்கள், மிலேச்சர் இருக்கிறார். யாரெல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறோம் என்று பாருங்கள்.

இதைவிடக் கொடியது கௌதம தர்மசூத்திரம். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய வெள்ளீயத்தையோ அரக்கையோ ஊற்றச் சொல்கிறது. நம் மேடைகளில் நூறுமுறை சொல்லப்பட்ட செய்திதான். அதில் ஒன்றை நாம் கவனிக்காமலே சொல்லி வந்திருக்கிறோம். அங்கே தண்டனை என்பதே ஒருவரைச் செவிடாக்குவது. அறிவைக் காதுக்குள் பூட்டிவைத்த சமூகத்தில் செவிடாவது அறிவிலிருந்து நாடு கடத்தப்படுவதற்குச் சமம். பிறவியிலேயே காது கேளாதவரை அந்தச் சமூகம் எப்படிப் பார்த்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சூத்திரனுக்கும் அவர்ணனுக்கும் தண்டனையாகக் கொடுக்க நினைத்த நிலையில் அவர்கள் பிறந்தே வந்தார்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், யாரும் நடைமுறைப்படுத்தவில்லை என்பார்கள். நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தின. சொத்துரிமையில் இந்த விலக்கைப் பெருமளவு நீக்க பிரிட்டிஷ் இந்தியாவில் 1928-இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. இந்து வாரிசுரிமை (தகுதியின்மை நீக்கல்) சட்டம் என்று பெயர். அதிலும் ஓட்டைகள் இருந்தன. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான், எந்த நோயும் எந்தக் குறையும் ஒருவரின் வாரிசுரிமையைப் பறிக்காது என்று முழுதாக எழுதியது. அண்ணல் அம்பேத்கர் மகாடில் மனுதர்மத்தைக் கொளுத்தியது 1927 டிசம்பர் 25. அந்தத் தீயில் 9:201-உம் எரிந்தது என்பதை நம் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் பூட்டு இருந்தது, வேறு மாதிரிப் பூட்டு. பாரிசில் 18-ஆம் நூற்றாண்டில் எப்பே என்ற பாதிரியார் சைகையைக் கொண்டே காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அமெரிக்காவில் 1864-இல் காது கேளாதோருக்கான கல்லூரி வந்தது, இன்றைய காலடெட் பல்கலைக்கழகம் அதுதான். ஆனால் 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கென ஒரு மாநாடு கூடியது. 164 பிரதிநிதிகள். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வாய்ப்பேச்சுப் பயிற்சியே சிறந்தது, வகுப்பறையில் சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். யாருடைய கல்வியோ அவர்களை வெளியே வைத்துவிட்டு எடுக்கும் முடிவு நமக்குப் புதிதல்ல. வட்டமேசை மாநாடுகளின் காலத்தில் நம்மைப் பற்றி யார் பேசுவது என்று நடந்த சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மிலான் தீர்மானத்துக்கு அந்த மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவித்தது 2010-இல், வான்கூவரில். 130 வருடம் ஆனது.

அந்த 130 வருடத்துக்குள்தான் நம் நாட்டின் காது கேளாதோர் பள்ளிகள் பிறந்தன. பம்பாயில் 1885, கல்கத்தாவில் 1893. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண் 1890-களில் தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. தெருவில் கல்லெறி வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூட்டிவந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களை நாம் குறைத்துப் பேச மாட்டோம். சேரிப் பிள்ளைகளுக்கு முதலில் சிலேட்டு கொடுத்தவர்களிலும் மிஷனரிகள் உண்டு. ஆனால் பொதுவாக இந்தப் பள்ளிகளில் இரண்டு பழக்கங்கள் நிலைத்துவிட்டன. வகுப்பில் உதடு பார்த்துப் பேசப் பழக்குவது ஒன்று. அதனால் சைகை மொழி விடுதிக்குள்ளும் விளையாட்டுத் திடலிலும்தான் வளர்ந்தது. இரண்டாவது, கைத்தொழில். தையல், தச்சு, நெசவு, அச்சுக்கோப்பு. ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்க மாதக்கணக்கில் பழக்கியபின் அறிவியலுக்கு நேரம் எங்கே இருக்கும்?

கைத்தொழில் என்றதும் நமக்குக் காது நிமிர வேண்டும். கை வேலை இவனுக்கு, மூளை வேலை அவனுக்கு என்று பிரித்ததுதானே சாதி. காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையைப் பாருங்கள். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேகவைத்துப் பசை நீக்குகிறார்கள். சாயத்தொட்டியில் அமிலம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கண்ணாலும் கையாலும் அளக்கிறார்கள். இது வேதியியல். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷெட்டுகளில் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நின்றார்களே, அதுவும் வேதியியல். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது பிளஸ் டூவில் என்ன பிரிவு என்று யாரும் கேட்பதில்லை. காது கேட்குமா, அமிலம் மேலே பட்டால் யார் பொறுப்பு என்றும் கேட்பதில்லை. கூலிக்கு வேதியியல் செய்யலாம். மதிப்பெண்ணுக்குச் செய்ய வந்தால் மட்டும் ஆபத்து நினைவுக்கு வருகிறது.

அம்பேத்கர் எல்பின்ஸ்டன் பள்ளியில் சமஸ்கிருதம் எடுக்க விரும்பினார், கொடுக்கவில்லை, பாரசீகம் எடுத்தார். அதே பள்ளியில் கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்த கதை உங்களுக்குத் தெரியும். பள்ளியில் இடம் கொடுத்துவிட்டுப் பாடத்தை மறுப்பது ஒரு தனிக் கலை. கதவு திறந்திருப்பதாகக் கணக்கு காட்டலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. மற்றவர்கள் யோசிக்காதபோது அரசுக் கல்லூரி ஒன்று அதைச் செய்தது பெரிய விஷயம். நம் பிள்ளைகள் பலர் அங்கே பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் சி.வி. ராமனும் சந்திரசேகரும் இயற்பியல் படித்த கல்லூரி அதே மாநிலக் கல்லூரிதான். காது கேளாதோருக்கான தனி வகுப்பு வணிகவியலாகவும் கணினியாகவும் இருக்கிறது, இயற்பியலாகவோ வேதியியலாகவோ இல்லை. குற்றம் கல்லூரியிடம் இல்லை. பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவே கிடைக்காத பிள்ளை எப்படி அங்கே வந்து கேட்கும்?

இப்போது எதிர்ப்பக்கத்து வரலாற்றைப் பார்ப்போம். ஜான் குட்ரிக், இங்கிலாந்து, காது கேளாதவர். அல்கோல் என்ற விண்மீனின் ஒளி ஒழுங்கான கால இடைவெளியில் மங்கித் தெளிவதைக் கணக்கிட்டு, இன்னொரு பொருள் அதை மறைப்பதாக இருக்கலாம் என்று சொன்னவர். 1783-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தபோது அவருக்கு வயது 19. வானத்தைப் பார்க்கக் காது எதற்கு?

ஜான் கார்ன்ஃபோர்த் கதை நமக்கு இன்னும் நெருக்கம், அவர் ஆய்வகத்து ஆள். ஆஸ்திரேலியா, 1917-இல் பிறந்தவர். பத்து வயதளவில் கேட்கும் திறன் குறையத் தொடங்கியது, இருபதுக்குள் முழுதாகப் போனது. 16 வயதில் சிட்னி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது விரிவுரை எதுவும் காதில் விழவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து மூலக் கட்டுரைகளைப் படித்தார், ஆய்வகத்தில் கையால் செய்து பார்த்தார். அவருடைய கண்ணாடிக் குடுவை ஒன்று உடைந்தபோது ஒட்டிக்கொடுத்த ரீட்டா என்ற வேதியியலாளர் பிறகு அவருக்கு மனைவியானார், ஆய்விலும் கூட்டாளியானார். 1975-இல் வேதியியல் நோபல் பரிசு, பிரெலாக்கோடு பகிர்ந்து. நொதிகள் நடத்தும் வினைகளில் மூலக்கூறுகள் இடவெளியில் எப்படி அமைகின்றன என்பது அவருடைய துறை. அமிலமும் கண்ணாடியும் தீயும் நிறைந்த ஆய்வகங்களில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார்.

ஆனாலும் கார்ன்ஃபோர்த்தைக் காட்டி, முயற்சி இருந்தால் முடியும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மொழி முழுதாகக் கைவந்த பிறகுதான் அவருக்குக் காது போனது. நூலகம் இருந்தது, உதவித்தொகை இருந்தது. பிறவியிலேயே காது கேளாமல், வீட்டில் யாருக்கும் சைகை தெரியாமல், ஏழு வயதில் முதன்முதலாக ஒரு மொழியைச் சந்திக்கும் சேரிக் குழந்தையின் தொடக்கக் கோடு வேறு. அவர் கதை நிரூபிப்பது ஒன்றைத்தான். வேதியியலுக்குக் காது கட்டாயம் இல்லை.

அறிவியல் உலகம் காது கேளாதோரை இன்னொரு வாசல் வழியாகவும் உள்ளே விட்டிருக்கிறது. 1958 முதல் சுமார் பத்தாண்டுகள் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் காலடெட்டைச் சேர்ந்த 11 காது கேளாத ஆண்களைச் சோதனைக்கு எடுத்தன. உட்காதுச் சமநிலை உறுப்பு பாதிக்கப்பட்டிருந்ததால் அவர்களுக்குக் குமட்டல் வராது. விண்வெளியில் மனித உடல் என்ன பாடுபடும் என்று அறிய அவர்களைச் சுழலும் அறையில் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் ஒரு கப்பல் சோதனை. இவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், ஆய்வாளர்கள் வாந்தியெடுத்துச் சோதனையையே கைவிட்டார்கள். சிரிக்க வைக்கும் கதைதான். அந்த 11 பேரும் பெருமையோடுதான் போனார்கள். ஆனால் ஆய்வுக்குள் அவர்கள் போனது ஆய்வுப் பொருளாக.

சரி, ஆய்வகத்தில் உண்மையில் என்ன தடை? நாங்கள் ஒருநாள் மாலை வகுப்பிலேயே செய்து பார்த்தோம். ஹைட்ரஜன் சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். துத்தநாகத் துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், வாயு வந்ததும் எரியும் குச்சியைச் சோதனைக்குழாய் வாயில் காட்டினால் 'பாப்' என்ற ஒலியுடன் எரியும் என்று புத்தகம் சொல்கிறது. நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அந்தப் பெண் குழாயை இடுக்கியால் பிடித்திருந்தாள். அதிர்வு கையில் தெரிந்தது என்று காட்டினாள். பிறகு குழாயின் உள்சுவரைச் சுட்டி, "தண்ணீர் எப்படி வந்தது?" என்று எழுதிக் கேட்டாள். ஹைட்ரஜன் எரிந்தால் நீர், அது மெல்லிய பனிபோல் சுவரில் படிந்திருந்தது. சத்தம் கேட்டதும் சோதனை முடிந்தது என்று நாங்கள் கண்ணை எடுத்துவிட்டோம்.

பிளஸ் ஒன் இயற்பியலில் சோனோமீட்டர் சோதனையில் கம்பி ஒத்ததிர்வதைக் காட்டுவது அதன்மேல் வைத்த காகிதத் துண்டு. துண்டு துள்ளி விழுவதைக் கண்ணால்தான் பார்க்கிறோம். ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையில்தான் காது தேவைப்படுகிறது. அதற்கும் செல்போன் மைக்கில் ஒலியளவைக் காட்டும் இலவசச் செயலி போதும். அமிலம்-காரம் தரம் பார்ப்பது நிறத்தில். உப்புப் பகுப்பாய்வு வீழ்படிவில், சுடரின் நிறத்தில். பள்ளி முழுவதிலும் கண்ணுக்கும் கைக்கும் அதிகம் வேலை தரும் அறை ஆய்வகம்தான். அங்கே போகாதே என்று காது கேளாதவரிடம் சொல்கிறோம்.

உண்மையான சிக்கல்கள் வேறு. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசுவது. செய்துகொண்டே விளக்குவது: பியூரெட்டைப் பார்க்கும் கண் அதே நேரத்தில் மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்க்க முடியாது. முதலில் சொல்லி, நிறுத்தி, பிறகு செய்யவிட வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். சைகையில் பேசுகிறவரின் கையில் சோதனைக்குழாய் இருந்தால் அவர் பேச்சு நின்றுவிடுகிறது. இந்தியச் சைகை மொழியின் விரலெழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும், அமெரிக்கர்களுக்கு ஒரு கை போதும். ஆகவே குழாய்த் தாங்கி ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். எல்லோர் முகமும் தெரிய மேசைகளை லாடவடிவில் போட வேண்டும். தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது என்றார்களே, அதற்கு விடை அறையின் விளக்கை இரண்டுமுறை அணைத்துப் போடுவது.

பெரிய வேலை சொற்களில் இருக்கிறது. வினையூக்கிக்கு என்ன சைகை, மோலுக்கு என்ன சைகை? இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் டெல்லியில் தொடங்கியதே 2015-இல்தான். 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களைத் தொட்டது. பாடநூல்களைச் சைகை மொழியில் தர என்.சி.இ.ஆர்.டி.யோடு 2020 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டார்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகம் தமிழ், விரலெழுத்து ஆங்கிலம் என்று இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று காது கேளாத அறிவியலாளர்களையே உட்காரவைத்து அறிவியல் சைகைகளை உருவாக்கியிருக்கிறது. அந்த முறைதான் சரி. காது கேட்கும் நிபுணர்கள் உட்கார்ந்து உருவாக்கினால் இன்னொரு மிலான்தான் வரும்.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஊமை', 'செவிட்டு' என்ற வசவுகளை நம் கூட்டங்களிலேயே கேட்கிறோம், மேடையில் "செவிடன் காதில் சங்கு" என்று கைதட்டல் வாங்குகிறோம். நிறுத்த வேண்டும். 'திவ்யாங்' என்று தெய்வீகப் பட்டம் கொடுப்பதும் நமக்குப் பழகிய தந்திரம்தான், 'ஹரிஜன்' என்று நம்மை அழைத்த அதே தொனி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்ற பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிரிவு 16, காது கேளாதோருக்கு அவர்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது. பிரிவு 17, சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்கச் சொல்கிறது. பிரிவு 32, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம். 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளரோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 2024 அக்டோபரில், பேச்சுத்திறன் குறையுள்ள ஒரு மாணவரின் வழக்கில், குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் காட்டி எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. மருத்துவக் கல்லூரிக்கே இந்தத் தீர்ப்பு என்றால் பிளஸ் ஒன் ஆய்வகம் எந்த மூலைக்கு?

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்து சேர்க்கை தொடங்கும் வாரத்தில் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது. உங்கள் ஊரில், உங்கள் தெருவில் காது கேளாத பிள்ளை யாராவது பத்தாவது முடித்தால் கூடவே பள்ளிக்குப் போங்கள். அறிவியல் பிரிவு கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இடமில்லை, ஆபத்து என்று வாயால் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் அதை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்துச் சிறப்புப் பள்ளிகளில் எந்தெந்தப் பிரிவுகள் உள்ளன, சைகை மொழி தெரிந்த அறிவியல் ஆசிரியர்கள் எத்தனை பேர், ஆய்வகத்தில் மின்னும் எச்சரிக்கை விளக்கு உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பத்து ரூபாய்தான் கட்டணம். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கான மனுவை நாங்கள் எழுதிவிட்டோம். மூன்றாவது கேள்வியைச் சேர்க்கச் சொன்னது அந்தப் பெண்தான்.